பால்கனிக்கு அழகாகவும் இருக்கணும், சமையலுக்கும் ஆகணும்: எந்த மிளகாய் வைக்கலாம்?

பாயான்பாரு_11ஆவதுமாடி:

வணக்கம். பினாங்கு, பாயான் பாருவில் அடுக்குமாடி வீடு. கிழக்குப் பார்த்த பால்கனி. காலையிலிருந்து பதினொன்றரை மணிவரை நல்ல வெயில் விழும், அப்புறம் எதிர்க் கட்டடத்து நிழல் வந்துவிடும். துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நான்கைந்து தொட்டி வைக்க இடம் இருக்கிறது.

மனைவிக்கு நிறம் வேண்டும். அம்மாவுக்கோ, சும்மா பார்ப்பதற்கு மட்டும் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது வீண் வேலை. போன ஞாயிறு நர்சரியில் கறுப்பு இலையும் கறுப்பு உருண்டைக் காய்களுமாக ஒரு மிளகாய்ச் செடி பார்த்தோம். சாப்பிடலாமா என்று கடைப் பையனிடம் கேட்டேன். "போலே, போலே" (மலாயில் 'சாப்பிடலாம், ஆகும்') என்றான், ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னான். அதற்குள் அம்மா பழுத்த சிவப்புப் பழம் ஒன்றைக் கிள்ளி நுனிப்பல்லால் கடித்துவிட்டார். "காரம் இருக்கு, வேற ஒண்ணும் இல்ல" என்று கைக்குட்டையில் துப்பிவிட்டு நடந்துவிட்டார்.

பார்க்க அழகாகவும் வாயில் போட்டால் ருசியாகவும் இருக்கிற ரகம் உண்டா? வீட்டில் நான்கு வயதுப் பிள்ளை இருப்பதால் ஒன்றாவது காரமில்லாமல் இருந்தால் நல்லது.

கறிவேப்பிலை_அக்கா (பட்டர்வொர்த்):

தம்பி, உங்கள் அம்மாவின் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் 'பிளாக் பேர்ல்'. அமெரிக்க வேளாண் துறை ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது, 2006இல் அங்கே 'ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்' விருது வாங்கிய ரகம். கறுப்பு இலைக்காகவே தேர்ந்தெடுத்து வளர்த்தது. பழத்தில் சதை கொஞ்சம், விதை நிறைய, காரம் மட்டும் குறைவில்லை. அந்தக் கறுப்புக்கும் நல்ல வெயில் வேண்டும். உங்கள் பாதி நாள் வெயிலில் இலை பச்சையாகத் திரும்பினால் அழகும் போய்விடும்.

நர்சரியில் 'அலங்கார மிளகாய்' என்று விற்பதிலிருந்து ருசியைத் தேடாதீர்கள். சமையல்காரர்கள் ருசிக்காக வைத்துக் காப்பாற்றிய பழைய ரகங்களில் பார்வைக்கும் நன்றாக இருப்பதைத் தேடுங்கள். என் முதல் சிபாரிசு 'ஃபிஷ் பெப்பர்'. இலையில் சுண்ணாம்பு தெறித்தாற்போல் வெள்ளைத் திட்டுகள். காயும் முதலில் பால் வெள்ளையில் பச்சைக் கோடு, பிறகு ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு. எல்லாம் ஒரே செடியில் ஒரே நேரத்தில் தொங்கும்.

அமெரிக்காவில் செசபீக் விரிகுடாப் பக்கத்துக் கறுப்பினச் சமையல்காரர்கள் மீன், நண்டு, சிப்பிக் குழம்புகளுக்காக வளர்த்தது. வெள்ளைக் குழம்பில் நிறம் ஏறாமல் காரம் ஏற வேண்டும் என்றுதான் வெள்ளைப் பருவத்துக் காயைப் போட்டார்கள். இடையில் இந்த ரகம் கிட்டத்தட்ட காணாமல் போனது. 1940களில் ஹொரேஸ் பிப்பின் என்ற ஓவியர், மூட்டு வலிக்குத் தேனீயிடம் கொட்டு வாங்கிக்கொள்வதற்காக, தேனீ வளர்த்த ஒருவருக்குக் கைமாறாக விதைகளைக் கொடுத்திருக்கிறார். அந்த வீட்டுப் பேரன் பல வருடம் கழித்து அதை வெளியே பரப்பினார். இப்போது நம் கைக்கும் வருகிறது.

நான் அந்த வெள்ளைக் காயைச் சொதியில் போடுகிறேன். தேங்காய்ப்பால் கொதி வருவதற்கு முன் நுனியைக் கீறி இரண்டு போட்டால் போதும். பால் வெள்ளையாகவே இருக்கும், பச்சை மிளகாயின் அந்தப் புல் வாசனை வராது. பழுத்த சிவப்பைப் பெலாச்சான் என்ற இறால் விழுதோடு அம்மியில் தட்டினால் சம்பால் ஆயிற்று.

இரண்டாவது, 'பிகின்யோ'. பிரேசில் மிளகாய். சொட்டு வடிவம், நுனி கூராக இருக்கும், பழுத்தால் பளபளவென்று சிவப்பு அல்லது மஞ்சள். ஹபனேரோ என்ற கடுங்கார மிளகாயின் இனம்தான், அந்தப் பழ வாசனையும் உண்டு, ஆனால் காரம் பேருக்குத்தான். வன்தான் மீ என்ற சீன நூடுல்ஸோடு தட்டில் வைப்பார்களே காடியில் ஊறிய பச்சை மிளகாய், அதே முறையில் முழுசாகக் காடி, சீனி, உப்பில் போடுங்கள். நம் ஈரச் சூட்டை இந்த இனம் நன்றாகத் தாங்கும்.

பிள்ளைக்கு 'மெடூசா'. ஒரு சாண் உயரச் செடி, மெல்லிய காய்கள் வானம் பார்த்து நிற்கும். வெளிர் தந்த நிறத்திலிருந்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. காரம் கிடையாது. ருசி சுமார்தான், சிவந்த பிறகு பறித்தால் லேசான இனிப்பு இருக்கும். எந்த ரகமானாலும் ஊதா நிறக் காயைப் பறித்து ருசி பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். அது பிஞ்சு, கசக்கத்தான் செய்யும். ஊதா சமைத்தால் நிற்காது, சட்டியில் மங்கிவிடும்.

ஒரு விஷயம் கண்டிப்பாக. நர்சரியிலிருந்து வந்த செடியின் காயை உடனே சாப்பிடாதீர்கள். அழகுக்கென்று விற்கும் செடிக்கு, சாப்பாட்டுப் பயிருக்கு அனுமதியில்லாத பூச்சி மருந்தும் அடிக்கலாம், குட்டையாக நிற்பதற்கான மருந்தும் ஊற்றலாம். பழுத்த பழத்தை வெட்டி விதையை எடுத்துப் புது மண்ணில் போடுங்கள். வெட்டும்போதே உள்ளேயும் பாருங்கள். மிளகாய் என்றால் உள்ளே வெற்றிடம் இருக்கும். தக்காளிபோல் சாறும் விதையுமாக இருந்தால் அது ஜெருசலேம் செர்ரி, நஞ்சு, தூரப் போடுங்கள்.

செந்தூல்_ராஜா (கோலாலம்பூர்):

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் நம்ம சிலி பாடிக்கு, அந்தச் சின்ன ஊசி மிளகாய்க்கு, என்ன குறை? மேல் நோக்கிக் கொத்தாகக் காய்த்து, பச்சையும் சிவப்புமாக நிற்கிறதே, அது அழகில்லையா? சந்தையில் வாங்கிய ஒரு பழத்திலிருந்தே விதை கிடைக்கும், செலவே இல்லை. வெளிநாட்டு விதைக்கு இணையத்தில் ஆர்டர் போட்டால் வருவது எதுவென்று யாருக்குத் தெரியும்? பளீர் நீல மிளகாய் படமெல்லாம் போட்டு விற்கிறார்கள். அப்படி ஒரு நீலம் மிளகாயில் கிடையவே கிடையாது.

நிறம் வேண்டுமென்றால் 'பொலிவியன் ரெயின்போ' ஒன்று போதும். தண்டிலேயே ஊதா ஓடும், காய் ஊதா, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. காரம் ஆளைத் தூக்கும், ருசியும் சுமாருக்கு மேல். நான் காயவைத்து வெங்காயச் சம்பாலுக்கு எடுத்துக்கொள்கிறேன். குடைமிளகாய்ப் பக்கம் மட்டும் போகாதீர்கள். நம் இரவுச் சூட்டில் பூ கொட்டும், அதைக் குளிரான கேமரன் மலைக்காரர்களுக்கே விட்டுவிடலாம்.

பாயான்பாரு_11ஆவதுமாடி:

இருவருக்கும் நன்றி. அம்மா சொதி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சிலி பாடித் தொட்டி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. மெடூசாவைப் பக்கத்தில் வைத்தால் அதுவும் காரமாகிவிடும் என்று பக்கத்து வீட்டு ஆண்ட்டி சொல்கிறார். உண்மையா?

கறிவேப்பிலை_அக்கா (பட்டர்வொர்த்):

இந்தச் செடியின் பழம் மாறாது தம்பி. பழத்தின் சதையும் விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பும் தாய்ச்செடிக்குச் சொந்தம், காரம் அந்த நரம்பில்தான் ஊறுகிறது. தேனீ மகரந்தத்தைக் கலந்தால் விதைக்குள்தான் மாற்றம். அந்த விதையை முளைக்கப்போட்டு வரும் செடியில் காரம் வரலாம். ஆண்ட்டி சொல்வது அடுத்த தலைமுறைக்குப் பொருந்தும். விதை எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும், பூ விரிவதற்கு முன்பே ஒரு கிளைக்கு மெல்லிய துணிப்பை கட்டி, தினமும் லேசாகத் தட்டிவிடுங்கள். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.

தொட்டி ஒரு சாண் அகலத்துக்குக் குறையக் கூடாது. மண்ணில் பாதிக்குத் தேங்காய் நார்த்தூள் கலந்தால் மண் இறுகாது. இளந்தளிர் சுருண்டால் தண்ணீர் போதவில்லை என்று இன்னும் ஊற்ற வேண்டாம். இலையின் அடியைத் திருப்பிப் பாருங்கள், இலைப்பேனோ சிலந்திப்பேனோ இருக்கும். தளிரைக் கிள்ளிப் பையில் கட்டி வீசிவிட்டு, வெயில் இறங்கியபின் வேப்பெண்ணெய்யைச் சோப்புத் தண்ணீரில் கலந்து அடியில் படும்படி தெளியுங்கள். பிளாக் பேர்லை மனைவி ஆசைப்பட்டு வாங்கினால் வாங்கட்டும், பால்கனியின் கிழக்கு ஓரத்தில் வையுங்கள். அம்மாவுக்கு ஃபிஷ் பெப்பர் விதை என்னிடம் இருக்கிறது. தனிச் செய்தியில் முகவரி அனுப்புங்கள், தபாலில் போடுகிறேன்.