சோனி ஏ6000 கேமரா இப்ப போய் வாங்கலாமா? யூஸ் பண்ணவங்க சொல்லுங்க

கேள்வி:
வணக்கம் நண்பர்களே, தெரிஞ்சவர் ஒருத்தர் அவரோட ஏ6000ஐ 16-50 எம்எம் கிட் லென்ஸோட (கேமராவோடயே வர்ற லென்ஸ்) குடுத்துடறேங்கறார், கண்டிஷன் நல்லாதான் இருக்கு, ஆனா 2014ல வந்த மாடல்னு படிச்சதும் யோசனையா இருக்கு. இதுவரைக்கும் போன்லதான் எடுக்கறேன். வீட்டுக்குள்ள ஓடியாடுற குழந்தைங்க, கொஞ்சம் பறவைங்க, எப்பவாச்சும் வீடியோ, இவ்ளோதான் தேவை. வாங்கலாமா, இல்ல காசு சேத்து புதுசாவே பாக்கவா?

பதில் 1:
போட்டோக்குன்னா தாராளமா வாங்குங்க. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சார் (போன்ல இருக்கறத விட ரொம்ப பெரிசு), நல்ல வெளிச்சத்துல ரா-ல (ஜேபெக்கா மாத்தாத மூல ஃபைல்) எடுத்தா பழைய கேமரான்னு யாரும் கண்டுபிடிக்க முடியாது. ஃபோகஸும் அப்படித்தான், சென்சார் மேலயே 179 ஃபேஸ் டிடெக்ட் பாயிண்ட் (வேகமா ஃபோகஸ் பண்ற புள்ளிங்க) இருக்கு, ஏஎஃப்-சி (தொடர்ந்து ஃபோகஸ் பண்ற மோட்) போட்டுட்டா குழந்தை நம்மள நோக்கி ஓடி வந்தாலும் விடாம புடிக்கும், செகண்டுக்கு 11 பிரேம் வேற. ஆனா ரா-ல விரல எடுக்காம அழுத்துனா ரெண்டே செகண்ட்ல பஃபர் (படத்த தற்காலிகமா வைக்கற மெமரி) நிரம்பிடும், அப்புறம் கார்டுல எழுதற வரைக்கும் திணறும், அதனால சின்ன சின்ன பர்ஸ்டா எடுங்க.

உண்மையான பிரச்சனை கிட் லென்ஸ்தான். வீட்டுக்குள்ள டியூப்லைட் வெளிச்சத்துல எஃப்3.5-5.6 (லென்ஸ் வாய் திறக்கற அளவு, நம்பர் சின்னதா இருந்தா வெளிச்சம் அதிகம்) பத்தவே பத்தாது. ஓஎஸ்எஸ் (லென்ஸ்ல இருக்கற ஆட்டம் குறைக்கற வசதி) இருக்கேன்னு நினைப்பீங்க, அது நம்ம கை நடுக்கத்ததான் சரி பண்ணும், குழந்தை அசையறத நிறுத்தாது. அதுக்கு ஷட்டர் ஸ்பீட ஏத்தணும், ஏத்துனா ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கூட்டிக் காட்டற அளவு) 3200, 6400னு போய் படம் புள்ளி புள்ளியா ஆயிடும். ஒரு 35 எம்எம் எஃப்1.8 லென்ஸ் இல்லன்னா சிக்மா 30 எம்எம் எஃப்1.4 போட்டுப் பாருங்க, அதே கேமரா வேற கேமரா ஆயிடும். புது பாடிக்கு சேக்கற காச லென்ஸ்ல போடுங்கன்னுதான் நான் சொல்வேன்.

அதுவரைக்கும் ஒரு வழி, பாப்-அப் ஃபிளாஷ விரலால பின்னாடி சாய்ச்சுப் புடிச்சா வெளிச்சம் சீலிங்ல பட்டு கீழ வரும், முகத்துல நேரா அடிக்காது, சின்ன ரூமுக்கு நல்லாவே இருக்கும்.

பதில் 2:
வீடியோ முக்கியம்னா வேண்டாம்ங்க. 4கே கிடையாது, 1080 60பி (ஃபுல் ஹெச்டி, செகண்டுக்கு 60 பிரேம்) வரைக்கும்தான், வெளி மைக் குத்த ஜாக்கே இல்ல, ஸ்க்ரீன் மேல கீழ சாயும், முன்னாடி திரும்பாது. மைக் ஜாக்கும் 4கேவும் 2016ல வந்த ஏ6300லதான் வந்துச்சு.

போன்லேர்ந்து வர்றீங்க இல்லயா, அதனால இன்னொன்னு: டச் ஸ்க்ரீன் இல்ல. ஃபோகஸ் பாயிண்ட நகத்தறது ஆரம்பத்துல கடுப்பாதான் இருக்கும். ஃபோகஸ் ஏரியால ஃப்ளெக்சிபிள் ஸ்பாட் (நாமளே நகத்தற ஃபோகஸ் புள்ளி) வச்சு, கஸ்டம் கீ மெனுல நடு பட்டனுக்கு ஸ்டாண்டர்ட்னு குடுத்துடுங்க, அப்புறம் நடு பட்டன் ஒரு தடவ, சுத்தி இருக்கற அம்பு, அவ்ளோதான். சத்தமில்லாத ஷட்டரும் கிடையாது, தூங்கற குழந்தை பக்கத்துல க்ளிக்குனு நல்லா கேக்கும். மழைக்கும் வெளிய எடுக்காதீங்க, வெதர் சீலிங் (தண்ணி உள்ள போகாம தடுக்கறது) இல்ல.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். வீடியோவ போன்லயே பாத்துக்கறேன். பறவைக்கு 50 எம்எம் பத்தாதுல்ல?

பதில் 3:
சுத்தமா பத்தாது ப்ரோ. 55-210 எம்எம் ஓஎஸ்எஸ் லென்ஸ் பாருங்க, க்ராப் சென்சார்ங்கறதால (35 எம்எம் ஃபிலிம் அளவவிட சின்னது) 210 எம்எம் 315 எம்எம் மாதிரி தெரியும், வெயில்ல கிளைல உக்காந்திருக்கறத நல்லா எடுக்கலாம். பறக்கறது கஷ்டம், ஏன்னா 11 பிரேம்ல அடிக்கும்போது வ்யூஃபைண்டர்ல (கண்ண வச்சுப் பாக்கற சின்ன ஸ்க்ரீன்) தெரியறது லைவ் இல்ல, அப்பதான் எடுத்து முடிச்ச படம், பறவை அதுக்குள்ள வேற பக்கம் திரும்பிடும். கூடவே ஒரு எக்ஸ்ட்ரா பேட்டரி கண்டிப்பா, கம்பெனி கணக்கே வ்யூஃபைண்டர்ல 310 ஷாட்தான்.

வாங்கப் போகும்போது எஃப்16ல வச்சு வெறும் வெள்ளச் சுவர அவுட் ஆஃப் ஃபோகஸ்ல ஒன்னு எடுங்க, பெரிசாக்கி மூலை வரைக்கும் பாருங்க. மங்கலான புள்ளி இருந்தா தூசி, காத்தடிக்கற ப்ளோயர்ல போயிடும். கோடு மாதிரி தெரிஞ்சா யாரோ சென்சார தொடச்சு கீறி இருக்கலாம், சுத்தம் பண்ணியும் போகலன்னா விட்டுடுங்க. அப்புறம் அந்த 16-50 மோட்டார்ல நகர்ற பவர் ஜூம், ஆன் ஆஃப் நாலஞ்சு தடவ பண்ணி திக்காம வெளிய வந்து உள்ள போகுதான்னும் பாத்துக்கோங்க.