குரல் கேட்டா தெரியுது, முகம் பார்த்தா தெரியல

ரேவதி: மாமா, பக்கவாதம் வந்த ஒருத்தருக்கு மனைவி முகத்தைப் பார்த்தா யாருன்னு தெரியல. அவங்க பேசினா உடனே பேர் சொல்றார். இது மறதி இல்லையா?

முரளி மாமா: இல்லம்மா. மறதின்னா குரல் கேட்டும் தெரிஞ்சிருக்காது. மனைவியைப் பத்தின அறிவு பத்திரமா இருக்கு, முகம் வழியா அங்க போற பாதைதான் அறுந்திருக்கு.

முரளி மாமா: கோடு, விளிம்பு எல்லாம் பின்மண்டையில பிரிஞ்சு, டெம்போரல் லோப், அதாவது காதுப் பக்கம் இருக்கிற மூளைப் பகுதி, அதோட அடிப்பக்கம் வரும். அங்க ஃபியூசிஃபார்ம்னு ஒரு மூளை மடிப்புல முகத்துக்குன்னே ஒரு பகுதி, வலப்பக்கம் வலு அதிகம். முகம் கண்ணுல பட்ட சுமார் 170 மில்லிசெகண்ட்ல ஈஈஜில, அதாவது மூளையோட மின் அலைப் பதிவுல, அலை மாறிடும்.

செல்வி அத்தை: குரல் அடையாளம் அதே லோபோட மேல்பக்கம், அதனால தப்பிச்சிருக்கு. இடது மேல்பக்கம் பின்னால அடிபட்டா கதையே வேற. காது கேட்கும், சொல் புரியாது. சத்தமாக் கத்திப் பிரயோஜனமே இல்ல. சின்ன வாக்கியம், சைகை, படம்னு போகணும்.

ரேவதி: எந்தக் கட்டத்துல உடைஞ்சிருக்குன்னு எப்படிப் பிரிக்கிறது?

முரளி மாமா: முதல்ல பார்வைக் கூர்மையும் பார்வைப் புலமும் (ஒரே இடத்தைப் பார்க்கும்போது சுத்தித் தெரியற பரப்பு) பாரு. மூளையோட பின்பக்க ரத்தக்குழாய் அடைச்சா அந்தப் பரப்போட மேல் கால்பகுதி தெரியாமப் போறது சகஜம். அப்புறம் தெரியாத ஆளுங்க முகப் படம் ரெண்டு, வேற வேற கோணத்துல எடுத்தது, காட்டி ஒரே ஆளான்னு கேளு. முடி, கண்ணாடி, சட்டை எல்லாத்தையும் மறைச்சிடு. இல்லேன்னா அதை வச்சே சரியாச் சொல்லிடுவாங்க. நேரத்தையும் குறி. புருவம் புருவமா ஒப்பிட்டு மெதுவா ஜெயிக்கிறவங்க உண்டு.

முரளி மாமா: பொருளுக்கு, ஒரு சாவி படத்தைப் பார்த்து வரையச் சொல்லு. வரைய முடியல, கையும் நல்லா இருக்குன்னா, உருவம் சேர்ற இடத்துலயே கோளாறு. அச்சா வரைஞ்சுட்டு "இது என்ன?"ன்னு கேட்டா உருவம் அர்த்தத்தோட சேரல. லிஸ்ஸவர்ங்கற ஜெர்மன் டாக்டர் 1890லயே பிரிச்ச பிரிவு இது. அடுத்து சாவியைக் கையில குடு. தடவிப் பார்த்துச் சொல்லிட்டா பார்வை வழியில மட்டும்தான் பழுது. எந்த வழியிலயும் தெரியல, எதுக்குன்னும் தெரியலன்னா லோபோட முன்நுனியைச் சந்தேகப்படணும்.

செல்வி அத்தை: பேர் வரலைங்கறதுக்காக அடையாளம் தெரியலன்னு எழுதிடாதே. சாவியைத் திருகற மாதிரி கையால காட்டினா, அது என்னன்னு தெரிஞ்சுதான் இருக்கு. நிறைய பேர் தப்புறது இங்கதான்.

ரேவதி: வீட்டுல என்ன சொல்லணும் அத்தை?

செல்வி அத்தை: உள்ள வரும்போதே பேர் சொல்லிட்டு வரச் சொல்லு. "நான் யாரு சொல்லுங்க"ன்னு தினம் சோதிக்கக் கூடாது, பாவம், ஒடுங்கிப் போயிடுவாங்க. வீட்டுல இருக்கிறவங்க மூக்குக் கண்ணாடி, தலைவாரல் மாத்தாம இருந்தா உதவும்.

முரளி மாமா: சிலருக்குக் காருக்குக் கார், பறவைக்குப் பறவை வித்தியாசமும் போயிருக்கும். அதையும் கேட்டுக்கோ.