முதல் ஆர்.சி. (ரேடியோ ரிமோட்டால் இயக்கும்) விமானம்: வால் கனக்கிறது, மூக்கில் ஈயம் வைக்கலாமா?

உடுமலைவாசி:

அனைவருக்கும் வணக்கம். 5 மி.மீ. ஃபோம் போர்டில், இறக்கை உடலுக்கு மேலே அமைந்த பயிற்சி விமானம் ஒன்றை முதன்முறையாகச் செய்து முடித்திருக்கிறேன். இறக்கையின் நீளம் 1200 மி.மீ., அகலம் 200 மி.மீ. 2212 அளவுள்ள 1000 கே.வி. (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்திற்கு 1000 சுற்று) மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி., இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் நான்கு 9 கிராம் சர்வோக்கள் (சிறு மோட்டார்கள்), 2200 எம்.ஏ.ஹெச். 3எஸ் (மூன்று செல்) லிபோ பேட்டரி ஆகியவற்றைப் பொருத்தியுள்ளேன். மொத்த எடை 800 கிராம். பேட்டரியை இறக்கைக்கு நேர் கீழே வைத்து, இறக்கையின் அடியில் இரு விரல்களால் தாங்கிப் பார்த்தபோது, முன்விளிம்பிலிருந்து 85 மி.மீ. பின்னால்தான் விமானம் சமமாக நிற்கிறது. வால் பகுதியில் பசையையும் டேப்பையும் சற்றுத் தாராளமாகவே பயன்படுத்திவிட்டேன். மூக்கில் ஈயத் துண்டு வைத்தால் போதுமா? பறக்கவிடும் முன் வேறு எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

பால்சாப்பிரியன்:

இந்த நிலையில் தயவுசெய்து பறக்கவிடாதீர்கள். உங்கள் வடிவத்திற்குச் சமநிலைப் புள்ளி இறக்கை அகலத்தில் 25 முதல் 30 விழுக்காட்டுக்குள், அதாவது முன்விளிம்பிலிருந்து 50 முதல் 60 மி.மீ.க்குள் அமைய வேண்டும். 85 மி.மீ. என்பது 42 விழுக்காட்டைத் தாண்டுகிறது. மூக்குக் கனமான விமானம் சோம்பலாகப் பறந்தாலும் சொன்னபடி கேட்கும். வால் கனமான விமானமோ எலிவேட்டரை (வாலில் மேலும் கீழும் அசையும் மடிப்பை) சிறிது அசைத்தாலே மூக்கைத் தூக்கி, வேகம் இழந்து, புதியவர் சுதாரிக்கும் முன்பே தரையில் விழுந்துவிடும். நான் செய்த முதல் விமானம் அப்படித்தான் சில நொடிகளில் நொறுங்கியது; மூன்று வார உழைப்பு அது.

ஈயத்தைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். விமானத்திலேயே கனமான பொருளான பேட்டரியை முதலில் நகர்த்திப் பாருங்கள். அதன் எடையை 180 கிராம் என்று கொண்டால், அதை 130 மி.மீ. முன்னே தள்ளும்போது சமநிலைப் புள்ளி 180 × 130 ÷ 800, அதாவது ஏறத்தாழ 29 மி.மீ. முன்னேறும். ஒரு கிராம்கூடக் கூடாமலே வேலை முடிந்துவிடும். வாலில் உள்ள வேண்டாத பசையையும் சுரண்டி எடுங்கள். சமநிலைப் புள்ளிக்கு 600 மி.மீ. பின்னால் இருக்கும் 10 கிராமை ஈடுகட்ட, 200 மி.மீ. முன்னால் 30 கிராம் வைக்க வேண்டியிருக்கும் என்பதால், வாலில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிராமும் மூன்று மடங்காகத் திரும்பக் கிடைக்கிறது.

காற்றாடி மாமா:

மேலே சொல்லப்பட்டது முழுவதும் சரி. நான் மின்பகுதியைப் பற்றிச் சொல்கிறேன். ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு மட்டுமே வீட்டிற்குள் எதையும் சோதியுங்கள். விரலை அறுத்துவிடும் பொருள் அது. த்ராட்டில் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக்) கீழே இருக்கும் நிலையில் முதலில் டிரான்ஸ்மிட்டரை (கையில் பிடிக்கும் ரிமோட்டை) இயக்கி, அதன்பின் பேட்டரியை இணைக்க வேண்டும். நிறுத்தும்போது பேட்டரியை முதலில் கழற்ற வேண்டும். மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால், மூன்று வயர்களில் ஏதேனும் இரண்டை மாற்றி இணைத்தால் போதும். ப்ரொப்பெல்லரில் எழுத்து பொறித்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும்.

விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை வலப்புறம் தள்ளினால் வலது ஏலெரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் மடிப்பு) மேலும் இடது ஏலெரான் கீழும் செல்ல வேண்டும். எலிவேட்டர் ஸ்டிக்கை உங்களை நோக்கி இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். ஏலெரான் தலைகீழாக இருப்பதைக் கவனிக்காமல் மைதானத்திற்கு வருபவர்களை இன்றும் பார்க்கிறேன். இறக்கையை உடலோடு ஒட்டிவிடாமல் ரப்பர் பேண்டுகளால் குறுக்காகக் கட்டுங்கள். மோதினால் இறக்கை கழன்று விலகும், உடையாது. பேட்டரியை ஒரு செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். பல நாள்கள் பறக்கவிடப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட்டில் வைத்திருங்கள்.

உடுமலைவாசி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மோட்டாருக்குப் பின்னால் இருந்த தடுப்பை வெட்டி, பேட்டரியை 110 மி.மீ. முன்னே கொண்டுசென்றேன், வால் பசையில் சிறிது சுரண்டினேன். இப்போது 59 மி.மீ.யில் சமமாக நிற்கிறது, ஈயம் தேவைப்படவில்லை. ஏலெரான் உண்மையிலேயே தலைகீழாகத்தான் இருந்தது, டிரான்ஸ்மிட்டரில் திருப்பிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமையே பறக்கவிடலாம் என்றிருக்கிறேன்.

பால்சாப்பிரியன்:

59 நல்ல இடம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். உங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் பாதையில் இருக்கிறது. காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. 800 கிராம் விமானத்தை ஆடிக் காற்றில் அனுபவசாலிகளே ஏற்றத் தயங்குவார்கள். காற்று தணிந்த பிறகு, விடிந்ததும் மரக்கிளை அசையாத ஒரு காலையைத் தேர்ந்தெடுங்கள். 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் நமக்கும் பொருந்தும் என்பதால், அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் உங்கள் மைதானம் பச்சை மண்டலத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அங்கே 400 அடி வரை முன்அனுமதி தேவையில்லை. விமானத்தை இன்னொருவர் காற்றுக்கு எதிராக, மூக்கு மேலே தூக்காமல் சமமாக எறியட்டும். உங்கள் இரு கைகளும் டிரான்ஸ்மிட்டரிலேயே இருக்கட்டும்.