எங்கள் தெரு திரையில் வந்தபோது: ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ பார்த்தவர்களின் அனுபவங்கள்

மும்பையின் பெரிய குடிசைப் பகுதியான தாராவியில் பிறந்து, இருபத்தாறு வயது வரை அங்கேயே இருந்தவன் நான். தாத்தா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர். அம்மாவுக்கு இட்லி வியாபாரம். மாலையில் கிரைண்டர் ஓடும், விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு எரியும், ஐந்து மணிக்கெல்லாம் சைக்கிள்காரர்கள் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் கிளம்பிவிடுவார்கள். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, பின்னால் வரும்.

‘ஸ்லம்டாக் மில்லியனர்’ 2009 ஜனவரி 23 அன்று இந்தியாவில் வெளியானது. இயக்குநர் டேனி பாயில் பிரிட்டிஷ்காரர். கதை விகாஸ் ஸ்வரூப் என்ற நம் வெளியுறவுத் துறை அதிகாரி எழுதிய நாவலிலிருந்து எடுத்தது. மும்பைக் குடிசைப் பையன் ஒருவன் டிவி கேள்வி பதில் நிகழ்ச்சியில் கோடிகளை நெருங்க, ஏமாற்றினான் என்று போலீஸ் அடித்து விசாரிக்கும் கதை. இங்கே வருவதற்குள் கோல்டன் குளோப் விருதுகளை வாங்கியிருந்தது. அதனால் படத்தை யாரும் பார்க்கும் முன்பே ஊரில் சண்டை தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ‘ஸ்லம்டாக் கரோர்பதி’ என்ற இந்திப் பதிப்புக்கு டிக்கெட் எடுத்து அழைத்துப் போனேன்.

ஆரம்பத்தில் போலீஸ்காரர் துரத்த, சிறுவர்கள் சந்து சந்தாக ஓடுகிறார்கள். தியேட்டரில் விசில் பறந்தது. தாராவியிலும் ஜுஹுவின் குடிசைப் பகுதியிலும் நேரில் போய் எடுத்த காட்சிகள் இருந்ததால், முன்வரிசைப் பையன்கள் ஒவ்வொரு மூலையையும் பார்த்து அடையாளம் சொல்லிக் கத்தினார்கள். நானும் எழுந்து பார்த்தேன். நம் இடம் அவ்வளவு பெரிய திரையில் வருகிறது என்ற சந்தோஷத்தை நான் மறைக்கப் போவதில்லை.

பிறகு அந்தக் கழிப்பறைக் காட்சி. அமிதாப் பச்சனிடம் கையெழுத்து வாங்குவதற்காகப் பையன் மலக்குழிக்குள் குதிக்கிறான். தியேட்டரே சிரித்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். திரையிலிருந்து நாற்றம் வராது என்று அவளுக்குத் தெரியும். கை தானாகப் போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே குனிந்து கேட்டாள்: “இவனைக் கழுவ எத்தனை குடம் தண்ணீர் வேண்டும்? யார் பிடித்து வைத்திருந்தார்கள்? அதைக் காட்டவே இல்லையே.”

படத்தைப் பற்றி எத்தனையோ விமர்சனம் படித்துவிட்டேன். அந்தக் கேள்வியை வேறு யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருவது மூன்று மணி நேரம். அதற்குள் டிரம்மை நிரப்பி, துணி துவைத்து, பிள்ளைகளை மோரியில், அதாவது வீட்டு மூலையில் தண்ணீர் புழங்கும் இடத்தில், உட்காரவைத்துக் குளிப்பாட்டி முடிக்க வேண்டும். அந்தப் பையன் மேல் ஊற்றிய தண்ணீர் ஒரு வீட்டின் ஒரு நாள் கணக்கு.

கலவரக் காட்சி வந்தபோது அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். துணி துவைத்துக்கொண்டிருக்கும் தாய் நிமிர்ந்து பார்க்கிறாள், கூட்டம் வருகிறது, அவ்வளவுதான். 1992 டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் நடந்ததை நாங்கள் வேறு படங்களிலும் பார்த்திருக்கிறோம். ஆனால் அவற்றில் கோஷமும் தீயும்தான் முதலில் வரும். இதில் ஒரு சாதாரண வேலை பாதியில் நிற்கிறது. எங்கள் பக்கத்துக் கோலியில் (ஒற்றை அறை வீட்டில்) இருந்த முஸ்லிம் குடும்பம் அந்த ஜனவரியில் இரண்டு இரவு எங்கள் வீட்டு மாளாவில், மேல்பரணில், படுத்திருந்தது. அந்த அக்காவும் துவைத்த துணியை அப்படியே விட்டுவிட்டுத்தான் வந்தார். அம்மா அதை எடுத்து அலசிக் காயப்போட்டாளாம். படம் முடிந்து பக்கத்துச் சயானிலிருந்து நடந்து வரும்போதுதான் எனக்கு இதைச் சொன்னாள். பதினாறு வருடமாகச் சொல்லாத விஷயம்.

தெருவில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. படம் வெளியான வாரம், அதில் நடித்த அனில் கபூர் வீட்டின் முன்னால் குடிசைவாசிகள் கூடி, ‘நாங்கள் நாய்கள் இல்லை’ என்று அட்டை பிடித்தார்கள். எங்கள் மளிகைக் கடை அண்ணாச்சி அதே கட்சி. கல்லூரிப் பையன் ஒருவன், “அண்ணாச்சி, அது நாயைச் சொல்லவில்லை. தோற்கப் போகிறவன் என்று எல்லோரும் நினைக்கிறவனை ஆங்கிலத்தில் அண்டர்டாக் என்பார்கள். அந்தச் சொல்லையும் குடிசையையும் சேர்த்துச் செய்த பெயர்” என்று விளக்கினான். அண்ணாச்சி தராசைக் கீழே வைத்தார். “உனக்கு அர்த்தம் தெரியும், வலிக்கவில்லை. என் பேரன் இரண்டாம் வகுப்பு. அவன் புத்தகத்தில் டாக் என்று போட்டுப் பக்கத்தில் நாய்ப் படம்தான் இருக்கிறது. போஸ்டரைப் பார்த்து என்னிடம் கேட்டான்.” பையனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

எங்கள் ஆபீஸில் நடந்தது இன்னொரு வகை. வேலைக்கு விண்ணப்பித்தபோது முகவரியில் ‘சயான்’ என்றுதான் எழுதியிருந்தேன். தாராவிப் பிள்ளைகள் பலர் அப்படித்தான் எழுதுவோம். தாராவி என்று போட்டால் நேர்காணலுக்கே அழைப்பு வராது என்ற பயம். மதிய உணவு நேரத்தில் எல்லோருக்கும் கோபம். நாட்டின் மானம் போய்விட்டது, மெட்ரோவும் மென்பொருளும் அவர்கள் கண்ணில் படவில்லையா என்று. அவர்களில் ஒருவர்கூட தாராவியின் அறுபதடிச் சாலையைத் தாண்டி உள்ளே வந்தவர் இல்லை. நான் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று வாய் திறக்காதது இப்போதும் உறுத்துகிறது.

எனக்கும் படத்தின் மேல் கோபம் உண்டு. அது நாட்டின் மானத்தைப் பற்றியதே அல்ல. பதின்மூன்றாம் காம்பவுண்டில் பிளாஸ்டிக்கை நிறம் பிரித்து நொறுக்குகிறவர்கள், குயவர்கள் இருக்கும் கும்பார்வாடாவில் தீபாவளிக்கு முன்பு விளக்குச் சூளை வைக்கிறவர்கள், கவிழ்த்த கூடைமேல் அப்பளம் காயவைக்கும் பெண்கள், தோல் பை தைக்கிறவர்கள் யாரும் அந்தக் கதையில் முக்கியமில்லை. திருடுகிறார்கள், பிச்சை எடுக்கிறார்கள், கடைசியில் விதி கைகொடுக்கிறது. எங்கள் சந்தில் மூன்று மணிக்கு எழுந்தவர்கள் விதியை நம்பி எழவில்லை.

பிப்ரவரி 23, ஆஸ்கர் காலை. எட்டு விருது. ரஹ்மான் மேடையில் ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ என்று தமிழில் சொன்னபோது, டீக்கடை டிவி முன்னால் நின்ற அத்தனை பேரும் ஒரு கணம் பேசவில்லை. பெயரைச் சொல்லித் திட்டிய அண்ணாச்சிதான் முதலில் கை தட்டினார்.

நீங்கள் எங்கே, யாருடன் பார்த்தீர்கள்? உங்கள் பக்கத்தில் என்ன பேசினார்கள்? எழுதுங்கள்.

* * *

அப்போது நான் வங்கி வேலையில் மாற்றலாகி பாட்னாவில் இருந்தேன். அங்கே சண்டை தியேட்டருக்கே வந்துவிட்டது. குடிசைவாசிகள் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர் ரஹ்மான்மீதும் அனில் கபூர்மீதும் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டிருந்தார். ஒரு கூட்டம் தியேட்டருக்குள் புகுந்து போஸ்டர்களைக் கிழித்து, பொருள்களை உடைத்தது. அன்று மாலை அந்தப் பக்கமாகத்தான் சைக்கிள் ரிக்‌ஷாவில் வந்தேன். ரிக்‌ஷாக்காரர் வழியெல்லாம் பேசினார். ஏழையை நாய் என்று கூப்பிட்டு டிக்கெட் விற்கிறார்கள், உடைத்தது சரிதான் என்றார். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை, கேள்விப்பட்டதுதான் என்றார். வீட்டு வாசலில் இறங்கிக் காசு கொடுத்தபோது குரலைத் தாழ்த்தி, “சாஹேப், கடைசியில் அந்தப் பையன் ஜெயிக்கிறானா?” என்றார். ஜெயிக்கிறான், இரண்டு கோடி என்றேன். வண்டியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். உடைத்தது தவறு என்பதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த மனிதரின் கோபமும் உண்மை, அந்தக் கேள்வியும் உண்மை. இரண்டில் ஒன்றைப் பொய் என்று தள்ள என்னால் முடியவில்லை.

* * *

நான் சென்னையில் ஆங்கிலப் பதிப்பைப் பார்த்தேன். சிறு வயதில் இந்தி பேசிய பிள்ளைகள், ரயிலிலிருந்து விழுந்து தாஜ்மகாலில் எழுந்ததும் ஆங்கிலம் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். பெரியவனான நாயகன் பேசுவது லண்டன் உச்சரிப்பு. நடித்த தேவ் படேல் லண்டனில் வளர்ந்தவர். அதோடு எனக்குப் படம் விலகிவிட்டது. அழுக்கை அவ்வளவு அக்கறையாகப் படம்பிடித்தவர்கள் பேச்சை ஏன் கைவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

* * *

பாந்திரா கிழக்கில் ரயில் பாதையை ஒட்டிய கரீப் நகர் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். படத்தில் நடித்த சிறுவர்களில் இருவர் அந்தப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அதனால் எங்கள் பிள்ளைகளுக்கு இது வெளிநாட்டுப் படமே இல்லை, பக்கத்து வீட்டுப் படம். வகுப்பில் பாதி நேரம் கேள்வி பதில் நிகழ்ச்சிதான் நடந்தது. ஒருவன் நாற்காலியில் உட்காருவான், ஒருத்தி கேள்வி கேட்பாள், தப்பாகச் சொன்னால் மற்றவர்கள் போலீஸாக மாறி அடிப்பார்கள். மலக்குழிக் காட்சி அவர்களுக்கு அவமானமாகத் தெரியவில்லை. அது வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லேட்டும் கலந்த கலவை என்று எனக்கே சொல்லிக்கொடுத்தார்கள்.

தாய்மார்கள் அப்படி இல்லை. ஒருவர், “நம் பிள்ளைகளைக் காட்டித்தானே கோடி கோடியாக வசூல்?” என்றார். இன்னொருவர், “அன்று நடிக்க ஆள் எடுத்தபோது நானும் என் பெண்ணை அழைத்துப் போயிருக்க வேண்டும்” என்று வாரக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்கர் விழாவுக்கு லாஸ் ஏஞ்சலஸ் போய்த் திரும்பிய குழந்தைகள் மறுபடியும் அதே தகரக் கூரையின் கீழ் தூங்கினார்கள். மே மாதம் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வந்து அந்த இரு குழந்தைகளின் வீடுகளையும் இடித்தார்கள். படத் தயாரிப்பாளர்கள் அந்தக் குழந்தைகளுக்காக அறக்கட்டளை ஒன்று வைத்திருந்தார்கள், பின்னால் வீட்டுக்கும் உதவினார்கள். அதையும் சொல்ல வேண்டும். ஆனால் இடித்த மறுநாள் வகுப்பில் ஒன்பது வயதுப் பெண் என்னிடம் கேட்டது இதுதான்: “டீச்சர், படத்தில் நடித்தவர்கள் வீட்டையே இடிக்கிறார்கள் என்றால், எங்கள் வீட்டை எப்போது இடிப்பார்கள்?” அன்று நான் பாடம் நடத்தவில்லை. 2011 மார்ச்சில் கரீப் நகர் தீப்பிடித்து எரிந்தபோது, படத்தில் நடித்த சிறுமியின் வீடும் அதில் போனது.

வெளிநாட்டுக்காரர் நம் வறுமையைக் காட்டலாமா என்று விவாதிக்கிறவர்கள் அந்த மே மாதத்தைப் பற்றியும் அதே வேகத்தோடு பேசியிருக்கலாம் என்று எனக்குத் தீராத ஆதங்கம்.

* * *

இது புதிய சண்டை இல்லை. 1991-ல் நான் கல்கத்தாவில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் ஏழைகளைப் பற்றி வெளிநாட்டுக்காரர்கள் எடுத்த ‘சிட்டி ஆஃப் ஜாய்’ படப்பிடிப்பை எதிர்த்து ஊர்வலம், ரகளை எல்லாம் நடந்தது. என் அறைத் தோழன், வங்காளி, ஊர்வலத்தில் போய்த் தொண்டை கட்டிக்கொண்டு வந்தவன். அடுத்த வருடம் படம் வந்தபோது, எதிர்த்ததைப் பார்க்காமல் எப்படி எதிர்ப்பது என்று சொல்லி என்னையும் இழுத்துப் போனான். கை ரிக்‌ஷா இழுக்கும் ஓம் புரி இருமத் தொடங்கியதிலிருந்து அவன் அழுதான். வெளியே வந்து, “படம் தப்பு. அந்த மனிதன் தப்பில்லை” என்றான். அன்று இரவு விடுதிக்கு ரிக்‌ஷா வேண்டாம் என்று நடந்தோம். அதுவும் சரியில்லை என்று பாதி வழியில்தான் உறைத்தது. தியேட்டர் வாசலில் சவாரிக்காக நின்ற கிழவரைத் தாண்டி வந்திருந்தோம்.

* * *

முதலில் எழுதியவன் மறுபடியும் வருகிறேன். கரீப் நகர் டீச்சர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பெண் குழந்தை கேட்டதை இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.

படத்துக்குப் பிறகு எங்கள் பக்கம் சுற்றிப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் அதிகமானார்கள். முன்பும் வருவார்கள், படம் வந்த வருடம் தினமும் இரண்டு மூன்று குழு. வழிகாட்டிப் பையன் எங்கள் பக்கத்து ஆள்தான்; கேமராவை வெளியே எடுக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுவான். ஒரு நாள் காலை கடைசி ஈடு இறக்கும் நேரத்தில் வாசலில் ஐந்து பேர். சிலருக்கு எதைப் பார்ப்பது, எதைப் பார்க்கக் கூடாது என்ற தயக்கம் முகத்திலேயே தெரிந்தது. ஒரு வயதான அம்மாள் மட்டும் நேராக இட்லித் தட்டைப் பார்த்து, துணியிலிருந்து இட்லி ஒட்டாமல் எப்படி வருகிறது என்று கேட்டார். எங்கள் அம்மா துணியைத் திருப்பி, பின்பக்கம் தண்ணீர் தெளித்துக் காட்டினாள். ஐந்து பேருக்கும் தட்டில் இரண்டிரண்டு வைத்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அந்த அம்மாள் நூறு ரூபாய்த் தாளை நீட்டி, மீதி வேண்டாம் என்று கையசைத்தார். அம்மா தகர டப்பாவைத் திறந்து, பத்து இட்லிக்கு என்ன விலையோ அதைக் கழித்து, மீதியைச் சில்லறையாக எண்ணி அவர் உள்ளங்கையில் வைத்தாள். வைத்துவிட்டு வழிகாட்டிப் பையனிடம், “தினமும் இந்த நேரத்துக்கு அழைத்து வா. இன்னும் பத்து நிமிடம் தாண்டினால் ஆறிவிடும்” என்றாள்.