பெயர் எழுதாதவர் கேள்வி கேட்கலாமா? ஞாயிறு மேசைக்கு யோசனை தேவை

படுவான்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே ஒரு கிராமத்தின் கமக்காரர் (விவசாயிகள்) அமைப்பில் நான் உதவிச் செயலாளர். ஒரு சிக்கலில் உங்கள் யோசனை தேவைப்படுகிறது. சற்று நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு எங்கள் வாசிகசாலைத் தாழ்வாரத்தில் ஒரு மேசை போடுவோம். ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவரும் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) இலிகிதராக இருந்த ஒருவரும் வந்து அமர்வார்கள். முன்னவர் பயிருக்கு, பின்னவர் படிவங்களுக்கு. இருவரும் ஒரு சதம் வாங்குவதில்லை, தேநீர் மட்டும். முதல் இரண்டு வருடங்கள் யார் வேண்டுமானாலும் வந்து கேட்டார்கள். அதில்தான் தொல்லையும் வந்தது. மருந்து விற்கும் ஒருவர், விவசாயி போல ஆட்களை அனுப்பித் தன் போத்தலின் பெயரை மேசையில் சொல்லவைத்தார். இன்னொருவர் இங்கே கேட்டதை அரைகுறையாகச் செய்துவிட்டு, "இவர்கள் சொல்லித்தான் பயிர் கருகியது" என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். மூன்றாவது வகைதான் மோசம். "இரவில் வாய்க்காலை உடைத்துத் தண்ணீர் எடுப்பது சரியா ஐயா?" என்று ஒருவர் கேட்பார். கேள்வி அவர் பக்கத்து வயல்காரனைப் பற்றியது என்பது வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் தெரியும்.

ஆகவே, போன புரட்டாதியில் பொதுக்கூட்டம் கூடி முடிவு செய்தோம்: சந்தா கட்டிய உறுப்பினர் மட்டும் கேட்கலாம், பெயரையும் உறுப்பினர் இலக்கத்தையும் கொப்பியில் எழுத வேண்டும். தீர்மானத்தை எழுதியவனே நான்தான்.

வம்பு நின்றது. ஆனால் மேசையும் வெறித்துப் போய்விட்டது. முன்பு பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். இப்போது மூன்று பேர், அதிலும் இருவர் தேநீருக்கு வருகிறவர்கள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்பு ஒரு பெண் வந்தார். கையில் சிவப்புக் கோடு போட்ட கடைப் பை, வாய் வாழைநாரால் கட்டியிருந்தது. உள்ளே வேரோடு பிடுங்கிய மூன்று நெற்கற்றைகள், அடியில் சேறு காயவில்லை. நான் கொப்பியைத் திருப்பி வைத்து, "பெயரும் இலக்கமும் எழுதுங்கள் அக்கா" என்றேன். கொப்பியைப் பார்த்தார், வரிசையில் நின்றவர்களைப் பார்த்தார். "பிறகு வருகிறேன் தம்பி" என்று பையை மடியோடு அணைத்துக்கொண்டு போய்விட்டார். பத்து நாளில் எங்கள் வட்டையில், அதாவது எங்கள் வயல்வெளியில், நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி. உறுப்பினர்களின் வயலில்தான் நாங்கள் முதலில் கண்டோம். அந்தப் பைக்குள் இருந்தது அதுவாக இருக்குமோ என்ற எண்ணம் என்னைத் தூங்கவிடவில்லை.

விதியை எடுத்துவிட்டால் பழைய வம்பு திரும்பும். வைத்திருந்தால் இப்படி. உங்கள் ஊர்களில் என்ன செய்கிறீர்கள்?

---

நூலகத்தாள், கல்முனைப் பக்கம்

தம்பி, யோசனை சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. அந்தக் கொப்பி மேசையில் விரித்தபடி கிடக்குமா, அல்லது எழுதியதும் மூடி வைப்பீர்களா?

---

படுவான்கரையான்

விரித்தபடிதான் அக்கா. பக்கத்தில் பேனா, நூலில் கட்டியிருக்கும். அடுத்தவர் எழுதும்போது முன்னவர் எழுதியது தெரியும். கேள்வியையும் ஒரு வரியில் எழுதச் சொல்வோம்.

---

நூலகத்தாள், கல்முனைப் பக்கம்

பாதி நோய் அதுதான். யாருக்குக் கடன், யாருடைய வேளாண்மை பழுது, யார் மானியம் கிடைக்காமல் அலைகிறார் என்பதை ஊருக்கே வாசிக்கக் கொடுத்துவிட்டு, "வந்து கேளுங்கள்" என்றால் யார் வருவார்?

எங்கள் வாசிகசாலை நடைமுறையைச் சொல்கிறேன். பத்திரிகை வாசிக்க வருகிறவரிடம் நாங்கள் அங்கத்துவ அட்டை கேட்பதில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவதென்றால் கேட்போம், பிணைக் கையொப்பமும் கேட்போம். ஏனென்றால் அங்கே ஒரு பொருள் வெளியே போகிறது, திரும்பி வர வேண்டும். கேள்வி கேட்கிறவர் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறார்? உங்கள் அமைப்பின் உழவு இயந்திரத்தையா? அதற்குச் சந்தா கேளுங்கள், நியாயம். வாயால் சொல்லும் பதிலுக்கு எதற்கு?

---

வட்டவிதானை மகன்

அக்கா சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. நான் எதிர்ப்பக்கம் நின்று சொல்கிறேன். என் அப்பா இருபது வருடம் வட்டைக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்தவர். ஒருவனுக்கு "தண்ணீரை வற்றவிடு" என்று சொன்னால் அந்தத் தண்ணீர் எங்கே போகும்? கீழ் வயலுக்கு. கீழ் வயல்காரன் நேற்றுத்தான் பசளை எறிந்திருப்பான். மறுநாள் காலையில் இருவரும் மண்வெட்டியோடு எங்கள் வாசலில் நிற்பார்கள். சொன்னது யார், கேட்டது யார் என்று எழுத்தில் இல்லாவிட்டால் அந்த வழக்கை எப்படித் தீர்ப்பது?

இன்னொன்று. மழையில் கூட்டத்துக்கு வந்து, வாய்க்கால் துப்புரவுக்கு ஆள் கொடுத்து, சந்தாவும் கட்டியவன் வரிசையில் நிற்க, ஒன்றும் செய்யாதவன் முன்னால் வந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்றால் அடுத்த வருடம் சந்தா கட்ட யார் இருப்பார்?

---

வெள்ளாவெளி மருமகள்

வட்டவிதானை மகன் அண்ணனுக்கு ஒரு சொல். நாங்கள் ஒன்றும் செய்யாதவர்கள் இல்லை. நாற்பது வயதுக்குள் எத்தனை போகம் களை பிடுங்கியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

என் நிலைமையைச் சொல்கிறேன், அந்தப் பெண் ஏன் திரும்பிப் போனார் என்று விளங்கும். வயல் சீதனமாக வந்தது, என் பெயரில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் வயலும் பெண்ணுக்குக் கொடுப்பது புதிதில்லை. ஆனால் அமைப்பில் உறுப்பினர் என் கணவர். அவர் கத்தாரில் இருக்கிறார். வயலை உண்மையில் செய்வது என் தம்பி, அவனுக்கு எந்தக் கொப்பியிலும் பெயரில்லை. நான் பையோடு வந்து நின்றால் எந்தப் பெயரை எழுதுவது? கணவரின் இலக்கத்தை எழுதினால் "அவர் எங்கே, நீ ஏன் வந்தாய்" என்று வரும். என் பெயரை எழுதினால் "நீ உறுப்பினர் இல்லை" என்று வரும்.

காணிச் சொந்தக்காரரான போடியாரின் வயலைச் செய்து கொடுக்கும் முல்லைக்காரர் நிலை இதைவிடக் கஷ்டம். வயலில் நோய் வந்திருக்கிறது என்று போடியாருக்குத் தெரியும் முன்பே கொப்பியில் எழுதிவிட்டால், அடுத்த போகம் அந்த வயல் அவருக்குக் கிடைக்குமா? அதனால் வாயை மூடிக்கொள்வார்கள். அரசின் ஒதுக்குக் காணியில் விதைத்தவர்கள் பெயர் எழுதவே மாட்டார்கள், அதை நான் விளக்கத் தேவையில்லை.

---

சம்மாந்துறைக் காக்கா

அஸ்ஸலாமு அலைக்கும். வழக்கு ஒருபக்கம் இருக்கட்டும், தம்பியின் வட்டையில் அறக்கொட்டி நிற்கிறதே, அதை முதலில் பார்ப்போம்.

பயிரை விலக்கி அடியைப் பாருங்கள். மேலே இலையில் நின்று தேடினால் தெரியாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, மட்டையோடு ஒட்டிக் கபில நிறத்தில் கூட்டமாக இருக்கும். வயலுக்குள் வட்டம் வட்டமாகக் காய்ந்திருந்தால் அது பூச்சி எரிப்பு. யூரியா கூடிய வயலிலும் நெருக்கமாக விதைத்த வயலிலும் முதலில் விழும். தண்ணீரைச் சில நாள் வற்றவிடுங்கள், ஆனால் விதானை மகன் சொன்னபடி கீழ் வயல்காரனிடம் சொல்லிவிட்டு. கண்டபடி மருந்தடிக்காதீர்கள். சிலந்தியும் செத்துவிடும், அறக்கொட்டியைத் தின்ன ஆளில்லாமல் போகும், இரண்டு கிழமையில் முன்னதைவிடக் கூடுதலாக வந்து நிற்கும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள், கடைக்காரரிடம் கேட்காதீர்கள்.

சிறகு நீண்ட அறக்கொட்டி காற்றோடு வேறு வட்டைக்குப் பறந்து போகும். அது உறுப்பினர் வயல், மற்றவர் வயல் என்று வரம்பு பார்க்காது. உங்களுக்கு அந்தப் பெண் செய்ய வந்தது உபகாரம். பத்து நாள் முந்திக் கிடைத்திருக்க வேண்டிய செய்தி அது. இதை நான் சண்டைக்குச் சொல்லவில்லை.

விதானை மகனின் சந்தாக் கேள்விக்கும் ஒரு சொல். நம் நாட்டில் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்தால் யாரும் சந்தா ரசீது கேட்பதில்லை. அங்கே கேட்கலாம், ஆனால் பையைத் தொலைபேசிக்குள் வைக்க முடியாதே. உங்கள் மேசையின் பலமே அதுதான்.

---

மட்டுநகர் இலிகிதர்

சுருக்கமாக ஒன்று. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பிரஜை ஒருவர் அரச அலுவலகத்தில் தகவல் கேட்டால், எதற்காகக் கேட்கிறார் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத முடியாதவர் வாயால் சொன்னால், தகவல் அலுவலர் அதை எழுத்தில் எடுத்துக்கொள்ள வேண்டும். கேட்பதற்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. ஞாயிறு மேசை அதைவிட இறுக்கமாக இருக்க வேண்டுமா? கொப்பியைத் திருப்பி நீட்டும்போது எழுதப் படிக்கத் தெரியாதவரும் திரும்பிப் போய்விடுவார், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

---

திருக்கோவில் போதனாசிரியர் (ஓய்வு)

முப்பது வருடம் வயலில் நின்று கேள்வி கேட்கப்பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். எனக்கு ஒருநாளும் பெயர் உதவியதில்லை. உதவியவை வேறு கேள்விகள்.

எந்த வட்டை? விதைத்து எத்தனை நாள்? என்ன இனம், 94-1 ஆ, 300 ஆ? தண்ணீர் உன்னிச்சைக் குளமா, நவகிரிக் குளமா, மானாவாரியா? இதுவரை என்ன எறிந்தீர்கள், என்ன அடித்தீர்கள்? கடைசியாக, நோய் வயலின் நடுவிலா, வரம்போரத்திலா? இந்த ஆறுக்கும் விடை சொல்கிறவர் உண்மையான விவசாயி. மருந்துக் கடைக்காரர் அனுப்பிய ஆள் "விதைத்து எத்தனை நாள்" என்ற இடத்திலேயே விக்குவார். பெயரும் உறுப்பினர் இலக்கமும் அவரைப் பிடிக்காது. சந்தாவை யாரும் கட்டலாம் அல்லவா?

வழக்குக் கேள்வி வேறு. அடுத்தவரைக் குற்றம் சொல்லும் கேள்வி வந்தால் பெயர் கேளுங்கள், அதையும் மேசையில் கேட்காமல் வட்டவிதானையிடம் அனுப்புங்கள். பயிரைப் பற்றிய கேள்விக்குப் பெயர் வேண்டாம். இரண்டையும் ஒரே கொப்பியில் போட்டதுதான் உங்கள் பிழை, தம்பி.

பொறுப்பு பற்றி விதானை மகன் கேட்டது நல்ல கேள்வி. பதிலை எழுதிக் கொடுங்கள். ஒரே இலக்கம் இட்ட இரண்டு துண்டு: ஒன்று அவரிடம், ஒன்று உங்களிடம். பிறகு "இவர்கள் சொன்னார்கள்" என்று யாராவது சொன்னால் துண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். நான் வேலையில் இருந்தபோது இப்படிச் செய்யாமல் இரண்டு முறை பட்டிருக்கிறேன்.

---

வட்டவிதானை மகன்

துண்டுக்கு நான் சம்மதம். தண்ணீர் பற்றிய ஆலோசனைக்கு மட்டும் வட்டையின் பெயரையும் அதற்குள் எந்தக் கண்டம் (பகுதி) என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். ஆளின் பெயர் வேண்டாம், வயல் எதுவென்று தெரிந்தால் போதும். சந்தா விஷயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை.

---

படுவான்கரையான்

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். தலைவரிடம் பேசியபோது முதலில் முகம் கொடுக்கவில்லை. "தீர்மானம் எழுதியவனே அழிக்க வருகிறாயா" என்றார். பொதுக்கூட்டம் வரை பொறுக்க முடியாது என்பதால் பரீட்சார்த்தமாக ஒரு மாதம் என்று ஒப்புக்கொண்டார். கொப்பி இப்போது அலுமாரிக்குள். மேசையில் இலக்கத் துண்டுகள், பள்ளிக்கூடப் பயிற்சிப் புத்தகத்தைக் கிழித்து வெட்டியவை. ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால் பதிலை வாசலில் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். போன ஞாயிறு மழை சாய்வாக அடித்ததில் பலகை பாதி கரைந்து, "எரிபந்தம்" என்ற நெல் நோயின் பெயர் "எரி" என்று நின்றது. பார்த்துச் சிரிக்காதவர் இல்லை.

பழைய மருந்துக்காரரின் ஆள் முதல் கிழமையே வந்தார். திருக்கோவில் போதனாசிரியர் ஐயா இங்கே சொன்னபடி, விதைத்து எத்தனை நாள் என்று கேட்டேன். "ஒரு... இரண்டு மாதம் இருக்கும்" என்றார். எந்தப் போகத்தில் எந்த விவசாயி அப்படிச் சொல்வான்? எங்கள் ஆட்கள் "நாளையோடு அறுபத்திமூன்று" என்பார்கள். தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டோம்.

கேள்விகள் கூடியிருக்கின்றன. முன்புபோல் இல்லை, ஆனால் ஏழெட்டு வருகிறது. அதில் பாதி ஆட்கள் எனக்கு முகமே தெரியாதவர்கள். பாலத்துக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் வந்திருந்தார். இதற்கு இரண்டு உறுப்பினர்கள் முணுமுணுக்கிறார்கள். சந்தா விஷயம் விதானை மகன் அண்ணன் சொன்னதுபோல் தீரவில்லை. உறுப்பினருக்கு முதலில் இடம் என்று வரிசையை மாற்றலாமா என்று யோசிக்கிறோம்.

---

வெள்ளாவெளி மருமகள்

தம்பி, அந்தப் பை கொண்டுவந்த அக்கா?

---

படுவான்கரையான்

அவர் வரவில்லை. நேற்று ஒரு பொடியன் சைக்கிளில் வந்தான், பத்து வயது இருக்கும். கைபிடியில் சிவப்புக் கோடு போட்ட பை, வாழைநார்க் கட்டு. வட்டை, நாள், இனம் மூன்றையும் மனப்பாடமாகச் சொன்னான், யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே கதிர், பால் பிடிக்கும் பருவம். உதறியதும் மேசையில் நான்கு நெல்மூட்டுப் பூச்சிகள் விழுந்தன, நாற்றத்தில் எங்கள் மேசை இலிகிதர் ஐயா எழுந்து போய்விட்டார். துண்டு இலக்கம் 31. பதிலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான்.