குழம்பு எலும்பில் கப்பல் கட்டப் போனேன்

இங்கிலாந்தின் பீட்டர்பரோ அருங்காட்சியகத்தில் அந்தக் குட்டி மாதிரிக் கப்பல்களை முதலில் பார்த்தபோது, தந்தத்தில் செதுக்கியவை என்றே நினைத்தேன். நகருக்கு அருகே நார்மன் கிராஸ் என்னுமிடத்தில் 1797இல் திறக்கப்பட்ட முகாமில் நெப்போலியன் காலப் போர்க் கைதிகள், தமக்குக் கிடைத்த இறைச்சியைத் தின்றபின் எஞ்சிய எலும்பை வேகவைத்து, வெளுத்து, பட்டையாகச் சீவிச் செய்தவை அவை என்று அறிந்ததும் அவ்விடத்தை விட்டு நகர மனம் வரவில்லை. முகாம் வாயிலில் கூடிய சந்தையில் கைவினைப் பொருள்களை அவர்களே விற்றிருக்கிறார்கள். வாங்குவோர் ஆங்கிலேயர் என்பதால், பிரெஞ்சுக்காரர் கட்டிய கப்பலுக்கும் ஆங்கிலப் பெயர் சூட்டுவது வழக்கமாம், வியாபாரம் தெரிந்தவர்கள்! இவ்வகைக் கப்பல்கள் சிலவற்றில், பின்புறம் தொங்கும் கயிற்றை இழுத்தால் பீரங்கிகள் வரிசையாக உள்ளே போகும்.

வீடு திரும்பிய வாரமே, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பின் எலும்புகளை எடுத்து வைத்தேன். அதுதான் முதல் தவறு. மஞ்சள்தூளின் நிறம் எத்தனை முறை கழுவியும் போகவில்லை. கசாப்புக் கடையில் துண்டு போட்ட எலும்பில் விரல் நீளப் பலகைகூடத் தேறவில்லை. அடுத்த முறை வெட்டாத கால் எலும்புகளைக் கேட்டு வாங்கி, மசாலா எதுவும் சேராமல், பாத்திரம் கழுவும் சோப்பு கலந்த வெந்நீரில் நாள்கணக்கில் ஊறவைத்துக் கொழுப்பை நீக்கினேன். அந்த வாடையால் பாத்திரமும் நானும் சமையலறையிலிருந்து தோட்டத்துக்கு அனுப்பப்பட்டோம்.

எலும்பை ஈரமாக வைத்தே தேய்க்க வேண்டும். உலர்ந்தால் தூள் மூக்கில் ஏறுகிறது. துளையிடும்போது சற்று அழுத்தினாலும் நெடுகப் பிளந்துவிடுகிறது. அந்தக் கப்பல்களின் பக்கங்களில் அத்தனை குட்டைப் பலகைகள் ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒரு கால் எலும்பைவிட நீளமான பலகை அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கும்?

என் கப்பலின் உடல், தெருவில் எறியப்பட்டிருந்த ஒரு நாற்காலியின் கால். பித்தளை ஆணிகளுக்குப் பதிலாகப் பழைய மின்கம்பியின் செம்பைப் பயன்படுத்தினேன். ஒரு பக்கத்துக்குப் பலகை அடித்து முடிக்கவே ஏழு மாதங்கள் ஆயின. மறுபக்கம் இன்னும் வெறும் மரமாகவே இருக்கிறது. விருந்தினர் வந்தால் அதைச் சுவரோடு ஒட்டி வைத்துவிடுகிறேன்.