ஹரோவில் இருக்கும் தங்கச்சிக்குக் கவுன்சில் தேர்தலில் வாக்கு உண்டா?

உவர்மலைவாசி:
வணக்கம். தங்கச்சி வேலை விசாவில் லண்டன் ஹரோவில் இருக்கிறாள், இன்னும் இலங்கைக் கடவுச்சீட்டுத்தான். வருகிற 2026 மே 7 அங்கே கவுன்சில், அதாவது உள்ளூராட்சி சபைத் தேர்தலாம். குடியுரிமை எடுத்த பிறகுதான் வாக்கு என்று கூட வேலை செய்பவர்கள் சொன்னதால் பேசாமல் இருக்கிறாள். போன வருடம் இங்கே இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோதும் வெளிநாட்டில் இருந்து போட வழியில்லை. அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை என்று ஆகிவிடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளி அக்கா:
தம்பி, தாராளமாகப் போடலாம். இலங்கை பொதுநலவாய நாடு என்பதால் செல்லுபடியான விசாவோடு அங்கே வசிக்கும் 18 வயது நிரம்பிய நம்மவர் எவருக்கும் வாக்கு உண்டு, அது வேலை விசாவோ மாணவர் விசாவோ, ஒன்றுதான். ஆனால் வாக்காளர் இடாப்பில் பெயர் இருக்க வேண்டும். இங்கே போல ஜி.எஸ். (கிராம சேவகர்) படிவத்தோடு வீட்டுக்கு வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஆன்லைனில் தானே பதிய வேண்டும், அங்கே வேலை செய்பவர்களுக்குக் கொடுக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம் கேட்பார்கள், ஐந்து நிமிட வேலை. கடைசி நாள் ஏப்ரல் 20.

அப்புறம், 2023 இலிருந்து படமுள்ள அடையாளம் காட்டாமல் வாக்குச்சீட்டுத் தர மாட்டார்கள். நம்முடைய தேசிய அடையாள அட்டை அங்கே செல்லாது, இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும். காலை 7 மணியிலிருந்து இரவு 10 மணி வரை போடலாம், அதனால் வேலை முடிந்தும் போகலாம்.

பாலையூற்றான்:
சீட்டைப் பற்றியும் சொல்லி வையுங்கள். இங்கே கட்சிச் சின்னத்துக்கு எதிரே ஒரு புள்ளடியோடு வேலை முடிந்தது. ஹரோவில் ஒரு வட்டாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று உறுப்பினர்கள், சீட்டில் வேட்பாளர்களின் பெயர்களே இருக்கும், எத்தனை இடமோ அத்தனை புள்ளடி போடலாம். வேறு வேறு கட்சிக்காரருக்கும் பிரித்துப் போடலாம், ஒன்றோடு நிறுத்தலாம், கூடப் போட்டால் மட்டும் சீட்டுப் பழுது. நம் பாராளுமன்றத் தேர்தல் விருப்பு வாக்கு மாதிரி முதலில் கட்சிக்குப் போட வேண்டியதில்லை.

இன்னொன்று. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய நம் உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று தள்ளித் தள்ளி, அது உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றமே 2024 இல் தீர்ப்புச் சொன்ன பிறகு, 2025 மே 6 தான் போட்டோம். தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லப் போக நாம் தெரிவு செய்த ஓர் ஆள் இல்லாமல் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தோமே, அதைப் பார்த்த பிறகு கையில் இருக்கும் வாக்கை யாரும் சும்மா விட்டால் எனக்குப் பொறுக்காது.

உவர்மலைவாசி:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அவள் வாடகை அறைச் சுவரெல்லாம் பூஞ்சணம், வீட்டுக்காரர் கண்டுகொள்வதில்லை. அதுவும் கவுன்சில் வேலையா? அடுத்த மாதம் வீடு மாறவும் பார்க்கிறாள்.

நிலாவெளி அக்கா:
ஓம், அதுவும் கவுன்சில்தான். ஈரமும் பூஞ்சணமும் உடம்புக்கு ஆபத்து என்று கண்டால் வீட்டுக்காரரைத் திருத்தச் சொல்லி உத்தரவிடும் அதிகாரம் அவர்களிடம் இருக்கிறது. படம் எடுத்து, அந்த வட்டாரக் கவுன்சிலருக்கும் மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். 2022 இல் ஹரோவின் 55 இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 31, லேபர் கட்சிக்கு 24, ஆகவே வாக்குக் கேட்டு இரண்டு பக்கமும் கதவைத் தட்டும், அப்போதே இதைக் கேட்கலாம்.

வீடு மாறினால் புது விலாசத்தில் திரும்பப் பதிய வேண்டும், தானாக மாறாது. ஏப்ரல் 20க்கு முன் மாறுகிறாளா என்று கேளுங்கள்.